அக்கா கையெழுத்துப் போடாத விடுதலைப் பத்திரம்

“பெண்ணியம் கிண்ணியமெல்லாம் எனக்குத் தெரியாது பெரிப்பா. அது தங்கச்சி படிச்சது.”

2019 ஜூன். ஏரிகள் வறண்டுபோய், தண்ணீர் லாரிக்காகச் சென்னை முழுக்கத் தெருவில் குடங்கள் வரிசை கட்டி நின்ற மாதம். ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திர எழுத்தரின் தகரக் கொட்டகையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி என் அக்கா இதைச் சொன்னாள். பெரியப்பா சிரித்தார். பத்திர எழுத்தர் சிரித்தார். அவ்வளவு கோபத்திலும் அண்ணன்கூட லேசாகச் சிரித்தான். எனக்கு மட்டும் முகம் சுண்டிப்போனது. நான் இருபது வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிற ஒரு சொல்லை, கூடப் பிறந்தவளே நாலு பேர் முன்னால் உதறிவிட்டாளே என்று வலித்தது. அந்த வலி இன்னும் போகவில்லை. ஆனால் இடம் மாறிவிட்டது. முதலில் அக்கா மேல் வருத்தமாக இருந்தது. இப்போது அது அக்கா மேல் இல்லை.

நான் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். மார்ச் 8 வந்தால் எங்காவது ஒரு மேடையில் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். “நான் பெண்ணியவாதி இல்லை, ஆனா…” என்று தொடங்குகிற வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், மதியம் டிபன் பாக்ஸ் திறக்கிற நேரத்தில், கல்யாண மண்டபத்து மாடிப்படியில் என்று எங்கேயும் அது காதில் விழும். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவது அத்தனையும் நான் மேடையில் பேசுகிறதாகவே இருக்கும். ஆனா சம்பளம் ஒரே மாதிரி குடுக்கணும். ஆனா என் ஏ.டி.எம். கார்டு என்கிட்டதான் இருக்கணும். ஆனா பொண்ணு ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்தா தெருவுல யாரும் பல்லைக் காட்டக் கூடாது. நான் உடனே, “அதுக்குப் பேர்தாங்க பெண்ணியம்” என்பேன். அவர்கள் ஒரு மாதிரி சிரித்துவிட்டுக் குழம்பைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவார்கள். வாதத்தில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அதுவரை மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி என்னால் வாயை மூடிக்கொண்டாள் என்பதை ரொம்ப நாள் நான் கவனிக்கவில்லை.

கொளத்தூர் வீடு

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1959-ல் சேர்ந்து 1996-ல் ஓய்வு பெற்றவர். பி.எஃப். கடன், சொசைட்டிக் கடன், அம்மாவின் எட்டுப் பவுன் எல்லாம் சேர்த்துக் கொளத்தூரில் அரை கிரவுண்டு வாங்கி, 1984-ல் வீடு கட்டினார். அப்போது அந்தப் பக்கம் மழை பெய்தால் வீட்டுக்குள் தவளை வரும். சுவர் எழும்ப எழும்ப, தினமும் காலையிலும் சாயங்காலமும் செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி நனைத்தது அக்கா. அவளுக்குப் பதினாறு வயது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு தையல் கற்றுக்கொண்டிருந்தாள். கைப்பம்பில் அடித்து, இடுப்பில் குடம் வைத்துச் சாரத்துப் பலகைமேல் ஏறி ஊற்றுவாள். எனக்கு ஒன்பது வயது. சொம்பில் மொண்டு நானும் ஊற்றியதாக ஞாபகம், அது விளையாட்டு. 1988-ல் அக்காவுக்குக் கல்யாணமாகி அம்பத்தூர் போனாள். மாமாவுக்கு அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவன். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வீட்டில் இருந்தான், அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

2017-ல் அப்பா போனார். உயில் எழுதவில்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர்கள் இருந்தன: அம்மா, அக்கா, அண்ணன், நான். அண்ணனுக்கு வங்கியில் கடன் வாங்கி மாடி எடுக்க வேண்டும், அதற்குச் சொத்து ஒரே பெயரில் இருந்தால் சுலபம். “ஒரு கையெழுத்துதானே, வந்து போட்டுட்டுப் போங்க” என்றான். அப்படிப் போடுகிற கையெழுத்துக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். விடுதலைப் பத்திரம்.

தமிழ் படித்தவள் என்பதால் அந்தப் பெயர் என்னை இன்னும் அறுத்துக்கொண்டே இருக்கிறது. பாகத்தை விடுவது என்கிற பொருளில்தான் அது வந்திருக்கும், தெரியும். ஆனால் பெண் விடுதலை என்று ஒரு நூறு வருஷமாகப் பேசிய மாநிலத்தில், அக்கா தங்கைகள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கையெழுத்திடுகிற காகிதத்துக்கும் அதே சொல்தான். டோக்கன் எண் கூப்பிட்டதும் எழுந்து போகிறார்கள். சிலருக்கு ஒரு பட்டுப்புடவை கிடைக்கும். சிலருக்கு அதுவும் இல்லை, “எங்க அண்ணனுக்குத்தானே குடுக்கறோம்” என்கிற நிறைவு மட்டும்.

அன்றைக்குப் பத்திரம் டைப் ஆகித் தயாராக இருந்தது. எழுத்தர் கடகடவென்று வாசித்தார். முழு மனதுடன், யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, எங்களுக்குள்ள பிரிபடாத பாகத்தை விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இனி மேற்படி சொத்தில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பின்தொடர்ச்சியும் இல்லை. அக்கா, “அந்தக் கடைசியை மறுபடி படிங்க” என்றாள். படித்தார். “பின்தொடர்ச்சின்னா என்னங்க?”

“இதோட உங்களுக்கும் அந்தச் சொத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு அர்த்தம்மா. எல்லாருக்கும் போடற வார்த்தைதான்.”

“சம்பந்தம் இல்லைன்னு நான் எப்படிங்க எழுதித் தருவேன்?”

முதலில் யாருக்கும் புரியவில்லை. வார்த்தையை மாற்றச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். பேனாவை மூடி மேசைமேல் வைத்த பிறகுதான் புரிந்தது. அண்ணனுக்குக் குரல் ஏறியது. “உனக்கு என்னக்கா குறை வெச்சோம்? தலைதீபாவளியிலேருந்து புள்ளைங்க காதுகுத்து வரைக்கும் சீர் செய்யலியா?” அக்கா குரலை ஏற்றவில்லை. “சீர் நீ செஞ்சது. நல்லாவே செஞ்சே. பங்கு அப்பா விட்டுட்டுப் போனது. ரெண்டும் வேற வேறடா. நான் வீட்டைப் பிரிக்கச் சொல்லலை. நீ இரு, உன் புள்ளைங்க இருக்கட்டும். காகிதத்துல என் பேரு இருக்கட்டும், அவ்ளோதான்.”

பெரியப்பா சட்டம் பேசினார். “உனக்கு 88-லயே கல்யாணம் ஆயிடுச்சு. கலைஞர் சட்டம் 89-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாதும்மா.” இது நம் ஊரில் பல குடும்பங்களில் பெண்களின் வாயை அடைத்த வாதம். 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் அது பூர்வீகச் சொத்துக்கு. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போன சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அக்காவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிற வக்கீல் அம்மா ஒருவர் அதை அவளுக்குச் சொல்லியிருந்தார். “அது பூர்வீகத்துக்கு பெரிப்பா. இது அப்பா ஐ.சி.எஃப்.ல உழைச்சு வாங்கினது. 56-லயே சட்டம் இருக்கு” என்றாள் அக்கா. பெரியப்பாவுக்குப் பதில் இல்லை. பதில் இல்லாதபோது எடுக்கிற கல்லை எடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “என்னம்மா, நீயும் பெண்ணியம் பேச ஆரம்பிச்சிட்டியா?” என்றார்.

அதற்குத்தான் அக்கா அந்தப் பதிலைச் சொன்னாள். சிரிப்பு அடங்கியதும் தொடர்ந்தாள். “நான் அப்பா பொண்ணு. நாலு பேர் இருக்கோம். நாலாப் பிரிச்சா எனக்கு ஒண்ணு.”

பத்திரத்தை மறுபடி டைப் செய்தார்கள், அம்மா பெயரும் என் பெயரும் மட்டும் போட்டு. மதியம் மூன்று மணிக்கு டோக்கன் வந்தது. பெருவிரலைக் கருவியில் வைத்தேன், ரேகை பதியவில்லை. “டீச்சரா? சாக்பீஸ்ல தேஞ்சிருக்கும். துடைச்சுட்டு வைங்க மேடம்” என்றார் உள்ளே இருந்த பெண் ஊழியர். முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தேன். பதிந்துவிட்டது.

நான் ஏன் போட்டேன்

கேட்பவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். எனக்கு வேலை இருக்கிறது, சொந்தமாக ஃபிளாட் இருக்கிறது, அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள், அம்மாவை அவன்தான் வைத்திருக்கிறான், சொத்தைவிட உறவு பெரிது. எல்லாமே உண்மை. ஆனால் அக்காவுக்கும் வேலை இருந்தது, உறவு வேண்டியிருந்தது. எங்கள் இருவரில் பணம் தேவைப்படுகிறவள் அவள்தான் என்றாலும், அவள் அன்றைக்குப் பணம் கேட்கவே இல்லை.

அக்காவின் முடிவுக்கு விலை இருந்தது. வருஷக்கணக்கில் அண்ணன் வீட்டில் அவளுக்குப் பேச்சு இல்லை. பொங்கல் சீர் நின்றது. நம் ஊரில் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புருஷன் வீட்டில் அவள் பேச்சின் எடையே குறைந்துவிடும். 2022-ல் அவள் மகள் கல்யாணம். தாய்மாமன் மாலை போட அண்ணன் வருவானா என்று கடைசிவரை தெரியவில்லை. முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது வந்தான். மாலையைப் போட்டான், தட்டை வைத்தான், பந்தியில் உட்காராமல் போய்விட்டான். சாப்பிட்டானா என்று அக்கா மூன்று பேரிடம் கேட்டாள்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து அம்பத்தூரில் அவள் தையல் கடைக்குப் போயிருந்தேன். மாலை ஏழு மணி. ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டு, மறுநாள் கொடுக்க வேண்டிய ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய்? நான் படித்தது உனக்கு அவ்வளவு கேவலமா?

நூலைப் பல்லால் கடித்தாள். “உன்னை எதுக்குடி நான் கேவலமா சொல்லப்போறேன்? அவரு என்னை எங்க இழுக்கறாருன்னு பாத்தேன். ஆமா பெரிப்பா, பெண்ணியம்தான்னு சொல்லியிருந்தா அது என் கருத்துன்னு ஆயிடும். கருத்துன்னா அவருக்கு ஒரு கருத்து இருக்கும், எழுத்தருக்கு ஒரு கருத்து இருக்கும். சாயங்காலம் வரைக்கும் பேசியிருப்பாங்க. பொம்பளைங்க இப்படி, காலம் கெட்டுப்போச்சு, மேல்நாட்டுல அப்படின்னு. நான் கருத்து சொல்லப் போகலையே. கணக்குக் கேக்கப் போனேன்.”

அடுத்த ஹூக்கை எடுத்தாள். “நீ ஏன் போட்டேன்னு நான் கேட்டேனா?”

நான் பேசவில்லை. அவளே சொன்னாள், ரொம்ப மெதுவாக. “நீ போடலைன்னா, ‘மேடையில பேசறா, இப்போ காசுக்கு நிக்கறா’ன்னு சொல்லியிருப்பாங்க. உனக்கு அந்தப் பேர் இருந்துச்சு. அதைக் காப்பாத்த வேண்டியிருந்துச்சு உனக்கு.”

பதினோரு மணிக்கு வீடு வந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் சொன்னது சரி. நான் அந்த வீட்டில் ‘பெண்ணியவாதி’ என்று பெயர் எடுத்தவள். பொடவை கட்டாமல் சுடிதார் போட்டது முதல் தாலியைக் கழற்றி வைத்தது வரை, நான் செய்தது எல்லாமே அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டன. அதனாலேயே அண்ணனிடமும் பெரியப்பாவிடமும் நான் ‘அந்த மாதிரி’ இல்லை, பாசக்காரிதான், விட்டுக்கொடுக்கிறவள்தான் என்று நிரூபித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தீபாவளிக்கு எல்லாருக்கும் முதலில் துணி எடுப்பவள் நான். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவில் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டு, அதை வெளியே சொல்லாதவள் நான். அந்தக் கையெழுத்தும் அந்த வரிசையில் வந்ததுதான். என் பங்கை நான் விட்டுக்கொடுத்தது பெருந்தன்மையால் என்று நம்பியிருந்தேன். அதில் பயம் பாதிக்கு மேல் இருந்தது. அந்தப் பெயர் எனக்குத் தைரியம் கொடுத்த இடங்கள் நிறைய உண்டு, கல்லூரியில், மேடையில், பஸ்ஸில். ஆனால் பிறந்த வீட்டுக் கூடத்தில் அதுவே என் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தது. அக்கா அதை உதறியதால் அவளால் பேனாவை மூடி வைக்க முடிந்தது.

வேறு சிலர், வேறு காரணங்கள்

அதன் பிறகு, அந்தப் பெயர் வேண்டாம் என்கிற பெண்களிடம் நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன். கேட்க ஆரம்பித்தேன். எல்லாருடைய காரணமும் அக்காவின் காரணமில்லை. முதலாமாண்டு மாணவி ஒருத்தி, திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள், வகுப்பு முடிந்து தனியாக வந்து சொன்னாள்: “மேம், நான் அந்த வார்த்தையை ஸ்டேட்டஸ்ல போட்டா எங்க மாமா பார்ப்பாரு. அடுத்த செமஸ்டர் ஹாஸ்டல் கட் ஆயிடும்.” அவள் அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்குகிறாள். அந்தத் திட்டத்தின் பெயரை வீட்டில் சத்தமாகவே சொல்லலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். 2023 செப்டம்பரில் வந்த திட்டத்துக்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர். அவள் அம்மா அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போது, “உரிமைப் பணம் வந்துடுச்சா” என்றுதான் கேட்பாளாம். உரிமை என்று சொல்லலாம், புதுமை என்று சொல்லலாம், பெண்ணியம் என்றால் மட்டும் ஹாஸ்டல் போய்விடும்.

என் துறையில் கூட வேலை பார்க்கிற தோழி, தலித் குடும்பத்திலிருந்து வந்தவர், என் பத்திரக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார். “உங்க வீட்டுல விட்டுக்கொடுக்கறதுக்காவது ஒண்ணு இருந்துச்சு. 1892-ல எங்க ஆளுங்களுக்குன்னு பஞ்சமி நிலம் குடுத்தாங்க. எங்க பாட்டி காலத்துலயே அது வேற யார் யார் கைக்கோ போயிடுச்சு. எங்க அண்ணனும் நானும் எதைப் பிரிச்சுக்கறது? ஸ்டாஃப் ரூம்ல ஒரு ஆம்பளை என்னைத் தப்பாப் பேசினா நீங்க எல்லாரும் எனக்காக வருவீங்க, தெரியும். ஆனா இங்க இருக்கற மேடம்ல எத்தனை பேர் என்னை கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க?” அவர் அந்தப் பெயரை ஒதுக்குவது பயத்தினால் இல்லை. தன் வாழ்க்கையில் பாதியை வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே வரச்சொல்கிற ஒரு வீட்டுக்கு வர அவருக்கு விருப்பம் இல்லை. நான் என் ஃபிளாட்டுக்குக் குடிபோனது 2011-ல். அவரைக் கூப்பிட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கூப்பிடவில்லை. மறந்துவிட்டது என்று அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதுக் கிஷ்வர் 1990-ல் தன் ‘மானுஷி’ இதழிலேயே, தன்னை ஏன் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்வதில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். எம்.ஏ. படிக்கும்போது அதை நான் கோபத்தோடுதான் படித்தேன். பெண்களுக்காக வருஷக்கணக்கில் ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டே இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று விளிம்பில் பென்சிலால் எழுதியிருந்தேன். அவருடைய பிற்கால அரசியல் எதுவும் எனக்கு ஒப்பாது. ஆனாலும் அந்தப் பென்சில் எழுத்தை இன்றைக்கு நான் எழுத மாட்டேன்.

கணக்கு எப்போது கணக்கானது

ஒரு இடத்தில் மட்டும் அக்காவோடு நான் ஒத்துப்போக முடியாது, அவளிடமே சொல்லியிருக்கிறேன். ‘நாலாப் பிரிச்சா எனக்கு ஒண்ணு’ என்பது எல்லாக் காலத்திலும் கணக்காக இருந்ததில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது அது வெறும் கருத்துதான். கேலி பேசப்பட்ட கருத்து. இந்துச் சட்ட மசோதா முடங்கியதை ஒட்டி அம்பேத்கர் 1951-ல் சட்ட அமைச்சர் பதவியையே விட்டு விலகினார். ஒரு கருத்துக்காக அவர் கொடுத்த விலை அது. 1956-ல் சட்டம் வந்தபோதும் அதில் 23-ஆம் பிரிவு என்று ஒரு பூட்டு இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க நினைத்தால்தான் பெண் தன் பாகத்தைப் பிரித்துக் கேட்க முடியும். அந்தப் பூட்டை உடைக்க 2005 ஆனது. அதற்கு முன் அப்பா போயிருந்தால், அக்காவின் பேனா மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், வீட்டை அண்ணன் பிரிக்க நினைக்கும்வரையோ அந்தப் பூட்டு உடையும்வரையோ அவள் காத்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கருத்தைச் சொல்லித் திட்டு வாங்கியவர்களில் பெண்கள் நிறைய. தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டமன்றத்தில் நின்ற முத்துலட்சுமி ரெட்டி, அதே முறையிலிருந்து வெளியே வந்து ஊர் ஊராகப் பேசிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தலித் மக்களின் தலைவராக இருந்த மீனாம்பாள் சிவராஜ். 1938 நவம்பர் 13-ல் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பெயரைக் கொடுத்தது. ஒரு தலைவருக்கு நிலைக்கிற பெயரைச் சூட்டிய அந்தப் பெண்கள், பெண்ணியவாதி என்று தங்களைச் சொல்லிக்கொண்டதில்லை. அந்தச் சொல் தமிழில் புழக்கத்துக்கு வந்ததே பின்னால்தான். மாதர் சங்கம், பெண்ணுரிமை, பெண் விடுதலை என்றெல்லாம் இருந்தன. அந்தச் சொற்களுக்கும் வசவு கிடைக்காமல் இல்லை. இதையெல்லாம் சொன்னபோது அக்கா பொறுமையாகக் கேட்டாள். “அவங்க சண்டை போட்டதாலதான் நான் சண்டை போடாம கேக்க முடிஞ்சுது, அதானே சொல்றே? சரி. அவங்களுக்குக் கோடி கும்புடு. ஆனா பெரிப்பா முன்னாடி அவங்க பேரை இழுக்க மாட்டேன். அவரு அவங்களையும் சேத்துத் திட்டுவாரு.”

இதற்கு எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. அக்கா அந்தப் பெயரை உதறாமல் இருந்திருந்தால் அவள் மகளுக்கு அடுத்த சண்டை சுலபமாக இருந்திருக்குமோ என்று ஒரு பக்கம் தோன்றும். உதறாமல் இருந்திருந்தால் அந்த நாலில் ஒன்றே கிடைத்திருக்காதே என்று உடனே தோன்றும். நான் அந்தப் பெயரை விடவில்லை, விடவும் மாட்டேன். எனக்கு அது பிழைப்பு இல்லை, மூச்சு. ஆனால் வகுப்பில் இப்போதெல்லாம், “உங்களில் யார் யார் பெண்ணியவாதி, கை தூக்குங்க” என்று கேட்பதில்லை. “உங்க வீட்டுப் பத்திரத்துல யார் யார் பேர் இருக்கு, கேட்டுட்டு வாங்க” என்கிறேன்.

2024

அந்த வருஷத்து மழைக்காலத்தில் கொளத்தூர் வீட்டை இடித்துக் கட்ட ஒரு பில்டர் வந்தார். கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி, மாடிக்கு ஒரு வீடு. இரண்டு வீடு எங்கள் பக்கம், ஒன்று அவருக்கு. மாடி எடுக்க முடியாமல் போன கோபம் அண்ணனுக்கு இதில் தணிந்திருந்தது. அக்காவின் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லை எடுக்க முடியாது என்பதால், பேச்சும் திரும்ப வந்திருந்தது. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு எண்பது ஆகிறது. கட்டி முடிக்கிற ஒன்றரை வருஷம் அவர் எங்கே இருப்பார், வாடகை யார் கொடுப்பது, முடிந்தபின் எந்த மாடியில் இருப்பார், லிஃப்ட் உண்டா என்று எதுவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. நான்தான் முதலில் கேட்டேன். அண்ணன் கோபமே இல்லாமல், சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுச் சொன்னான்: “பாப்பா, இதுல நீ இல்லையே. சும்மா இரு.”

அவன் சொன்னது உண்மை. அம்மாவும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் 2019 ஜூனில், முழு மனதுடன், யாதொரு பின்தொடர்ச்சியும் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள். அம்மா சுவரில் சாய்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி அம்பத்தூருக்கு எடுத்துப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் கடைக்குப் போனபோது கட்டிங் மேசையில் அது பரப்பி வைக்கப்பட்டிருந்தது, காற்றில் பறக்காமல் இருக்க மேலே கத்தரிக்கோல். வக்கீல் அம்மாவிடம் கேட்டுச் சேர்க்க வேண்டியதை ஒரு தாளில் எழுதியிருந்தாள். முதல் மாடி வீட்டில் அம்மாவுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை. கட்டி முடிக்கும்வரை அம்மாவின் வாடகை பில்டர் பொறுப்பு, பணம் அம்மா கணக்கில். லிஃப்ட். இது மூன்றும் இல்லாமல் கையெழுத்து இல்லை. அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டாளாம். அவன் நாலு நாள் முறுக்கிக்கொண்டு, அம்மாவுக்காகத்தானே என்று சரி சொல்லிவிட்டானாம்.

முதல் பக்கத்தை எனக்குக் காட்டினாள். உரிமையாளர்கள் என்ற தலைப்பில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் த/பெ என்று போட்டு அப்பா பெயர் இருந்தது. அக்கா பெயருக்குப் பக்கத்தில் க/பெ என்று போட்டு மாமா பெயர்.

“கட்டிக்கிட்டவரு பேர்லயா எனக்கு இதுல பங்கு வந்துச்சு?” என்றாள்.

துணியில் அளவு போடுகிற நீல சாக்கை எடுத்தாள், காகிதத்தில் அது சரியாகப் பதியவில்லை. என் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன். ‘க’வை அடித்து மேலே ‘த’ என்று எழுதினாள். மாமா பெயரையும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அப்பா பெயரை இனிஷியலோடு, நிறுத்தி நிறுத்தி, தன் பத்தாங்கிளாஸ் கையெழுத்தில் எழுதினாள்.